கணக்கு யாருக்குத் திறக்கிறது? திறந்த தரவும் சென்னை மேற்குப் புறநகரின் ஏற்றத்தாழ்வும்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த பத்தாண்டுகளில் அந்த வட்டாரத்தின் தோற்றமே மாறியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1960-களின் நடுப்பகுதியில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் பட்டறைகளும் கிடங்குகளும் பெருகின. வேலை தேடி வந்தவர்களில் நிரந்தரச் சம்பளம் கிடைத்தவர்கள் வீட்டுவசதி வாரிய மனைகளில் குடியேறினார்கள். கிடைக்காதவர்கள் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் 4,66,205 பேர், ஆவடியில் 3,45,996 பேர், பூந்தமல்லியில் 57,224 பேர். முடிவுகள் வெளிவந்த கடைசிக் கணக்கெடுப்பும் அதுதான். 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. ஏற்றத்தாழ்வைக் குறைப்போம் என்று தீர்மானம் போட்ட ஊரில் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெருத்தெருவாகப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு அரசின் கணக்குகள் எந்த அளவுக்கு உதவும்? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுவே.

அரசு தன் வேலைக்காகத் திரட்டும் கணக்குகளை எவரும் கட்டணமின்றி எடுத்து, கணினியில் ஏற்றி, வேண்டியபடி பயன்படுத்தும் விதத்தில் வெளியிடுவதைத் திறந்த தரவு என்கிறோம். இந்த யோசனைக்குத் தமிழ்நாட்டில் முன்வரலாறு உண்டு. தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடுதான், ஆண்டு 1997. 2005-இல் வந்த ஒன்றியச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தங்கள் விவரங்களை வெளியிட வேண்டும் என்று கட்டளையிட்டது. 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. அதே ஆண்டில் ஒன்றிய அரசின் தரவுத் தளம் தொடங்கியது. 2022-இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தரவுக் கொள்கையை அறிவித்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தகவல் எல்லோருக்கும் திறந்துவிட்டால், பலவீனமானவர் பலசாலியோடு சமமாக நிற்பார் என்ற நம்பிக்கை அது. இது பாதிதான் உண்மை. எதை எண்ணுகிறோம், எந்த அளவில் வெளியிடுகிறோம், அதைக் காட்டிக் கேட்டால் பதில் சொல்லும் கடமை யாருக்கு இருக்கிறது என்ற மூன்றும் ஏழையின் பக்கம் நிற்கும்போது மட்டுமே திறந்த தரவு ஏற்றத்தாழ்வைக் குறைக்கும். அவை நில்லாதபோது, ஏற்கெனவே கையில் பணமும் படிப்பும் உள்ளவரின் பலத்தையே அது கூட்டும்.

நிலக் கணக்கு தரும் பாடம்

இதற்கு இந்தியாவில் நன்கு விவாதிக்கப்பட்ட சான்று கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம். 2000-த்தையொட்டிய ஆண்டுகளில், சுமார் 67 லட்சம் விவசாயிகளின் ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள் அதில் கணினியில் ஏற்றப்பட்டன. கிராமக் கணக்கரின் கையில் இருந்த பதிவேட்டுக்குப் பதிலாக, தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் அச்சிட்ட நகல் கிடைத்தது. லஞ்சமும் அலைச்சலும் குறைந்தன என்று உலக அளவில் பாராட்டு வந்தது. ஆனால் சாலமன் பெஞ்சமினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007-இல் பெங்களூரின் சுற்றுப்புறத்தை ஆராய்ந்து வேறொரு விளைவைக் காட்டினார்கள். கிராமத்துக்குக் கிராமம் வேறுபட்டுக் கிடந்த உரிமைகளும் உள்ளூர்ப் பேச்சுவார்த்தைக்கு இருந்த இடமும் கணினியின் ஒற்றை வடிவத்துக்குள் அடங்காமல் போயின. எந்த நிலம் எங்கே, யார் பெயரில் இருக்கிறது என்று ஓரிடத்தில் பார்க்க முடிந்ததால், பெரிய அளவில் நிலம் திரட்டுபவர்களின் வேலை எளிதானது. இந்த ஆய்வை எடுத்துக்காட்டித்தான் 2011-இல் ஆய்வாளர் மைக்கேல் கர்ஸ்டீன், திறந்த தரவு ஏற்கெனவே வலிமை பெற்றவர்களுக்கே மேலும் வலிமை தருகிறதா என்ற கேள்வியை எழுப்பினார். தரவை எடுத்துப் பயன்படுத்த இணையமும் கருவியும் பயிற்சியும் நேரமும் வேண்டும். அவை இல்லாதவருக்குத் திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றுதான் என்பது அவர் வாதம்.

மேற்குப் புறநகரில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். இன்று தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறை தளத்தில் பார்க்கலாம். மனை வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. போலிப் பத்திரத்துக்குப் பலியானவர்கள் நிறைந்த ஊர்களில் இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்தத் தளம் முதலில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், பிறகு பட்டா எண் அல்லது புல எண், கைப்பேசிக்கு வரும் கடவு எண். நிலம் வைத்திருப்பவருக்கும் வாங்கப் போகிறவருக்கும் மட்டுமே புல எண் தெரிந்திருக்கும். வாடகைக் குடியிருப்பில் இருப்பவருக்கு அதில் தேட ஒன்றுமில்லை. வாய்க்கால் ஓரத்தில் நாற்பது ஆண்டாக வாழும் குடும்பம் தன் இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்துத் தேடினாலும், அங்கே எழுதியிருப்பது ‘அரசு புறம்போக்கு’. அவர்களுடைய மின் ரசீதோ குடும்ப அட்டையோ அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. இன்னொரு பக்கம், ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஒருவருடைய நிலத்தைத் தேடலாமே தவிர, மாவட்டம் முழுவதிலும் ஒருவர் பெயரிலோ ஒரு நிறுவனத்தின் பெயரிலோ எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று கூட்டிப் பார்க்க வழியில்லை. 1961 முதல் நில உச்சவரம்புச் சட்டம் உள்ள மாநிலம் இது. நிலத்தை வாங்குவதற்கு வேண்டிய விவரம் திறந்திருக்கிறது. நிலம் யாரிடம் குவிகிறது என்று அறிவதற்கு வேண்டிய விவரம் திறக்கவில்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ வழித்தடம் போன்ற திட்டங்கள் வரும்போது இந்த வேறுபாடு பணமாக மாறுகிறது. திட்ட வரைபடம், நிலப் பயன்பாட்டு வகைப்பாடு, வழிகாட்டி மதிப்பு, புலப்படம் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்கு எங்கே விலை ஏறும் என்பது முன்கூட்டியே தெரியும். வாடகை ஏறும் என்பது குடியிருப்பவருக்கு ஏறிய பிறகுதான் தெரியும். தகவல் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே தளத்தில் வெளியாகியிருக்கலாம்; அதைச் செயலாக்க முதல் உள்ளவர் ஒருவர்தான்.

எண்ணப்படாதவர்கள்

பயன்படுத்தும் இடத்தில் வரும் ஏற்றத்தாழ்வு இது. அதற்கும் முன்பே, கணக்கு எடுக்கும் இடத்திலேயே இன்னொன்று நுழைந்துவிடுகிறது. 1971-இன் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு முறைப்படி அறிவிக்க வழி செய்தது. அப்படி அறிவித்தால் அந்தப் பகுதியை மேம்படுத்தும் பொறுப்பு அரசுக்கு வருகிறது. அங்கிருப்பவர்களுக்குச் சில சட்டப் பாதுகாப்புகளும் கிடைக்கின்றன. சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பட்டியல் அப்படியே கிடந்தது. அது அன்றைய சென்னை எல்லைக்குள் எடுத்த பட்டியல். அம்பத்தூர் மாநகராட்சிக்குள் வந்ததே 2011-இல்தான். அந்த ஆண்டு 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சென்னையோடு இணைந்தபோது மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. தொழிற்பேட்டை வளர்ந்த காலத்தில் அதைச் சுற்றி முளைத்த குடியிருப்புகள் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் விழுந்துவிட்டன. பழைய பட்டியலை எவ்வளவு அழகாக இணையத்தில் ஏற்றினாலும் அவர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

கணக்கெடுப்பிலும் இதே சிக்கல்தான். அரசு அறிவிக்காத இடத்தையும் 2011 கணக்கெடுப்பு குடிசைப் பகுதியாக அடையாளம் கண்டது. ஆனால் அதற்குக் குறைந்தது 300 பேர், அல்லது 60 முதல் 70 குடும்பங்கள், நெருக்கமாக ஓரிடத்தில் வாழ வேண்டும் என்பது விதி. ஏரிக்கரையில் 30 குடும்பம், மேம்பாலத்தின் கீழ் 15 குடும்பம் என்று சிதறிக் கிடப்பவர்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறார்கள். வெள்ளம் முதலில் நுழைவதும், அகற்றும் அறிவிப்பு முதலில் ஒட்டப்படுவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து தொழிற்பேட்டையின் சுற்றுவட்டாரத்தில் அறைக்கு எட்டுப் பேர் பத்துப் பேர் எனத் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் 2011-க்குப் பின் வந்த எவரும் எந்த வார்டின் மக்கள்தொகையிலும் இல்லை. குடிநீர் ஒதுக்கீடும் கழிப்பறைக் கணக்கும் மக்கள்தொகையை வைத்தே போடப்படுகின்றன என்பதால், எண்ணப்படாமல் விட்டது நேராகப் பற்றாக்குறையாக வந்து நிற்கிறது.

எண்ணுவதிலும் எந்தப் பெயரில் எண்ணுகிறோம் என்பது ஒரு உயிர்ப் பிரச்சினை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021-இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்ததாக அதே காலத்தில் அதே அரசு தெரிவித்தது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் தமிழ்நாடு, 213 பேர். இரண்டு கூற்றுகளும் அரசின் பதிவில் இருக்கின்றன. முதல் தலைப்பில் பூஜ்யம் இருப்பதால், அந்தத் தொழிலில் இருந்து மீட்கப்பட வேண்டியவர் இல்லை என்று ஆகிவிடுகிறது. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்குப் பின்னால், தொழிலாளர் அமைப்பான சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் பல ஆண்டுகள் பெயர் பெயராகத் திரட்டிய பட்டியல் இருந்தது. அரசு எண்ண மறுத்ததை மக்கள் எண்ணினார்கள். அதன் பிறகே அது தரவானது. பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத தெருக்கள் ஆவடிப் பக்கம் இன்னும் பல இருக்கின்றன. எந்தத் தெருவுக்கு இணைப்பு இல்லை, அங்கே தொட்டியைச் சுத்தம் செய்ய எந்த இயந்திரம் போகிறது என்ற இரண்டு விவரங்கள் வெளியில் இருந்தாலே அடுத்த மரணத்தைத் தடுக்கக் கேள்வி கேட்க முடியும்.

வார்டு என்னும் திரை

ஏற்றத்தாழ்வு நுழையும் மூன்றாவது வாசல், தரவை வெளியிடும் அளவு. நம்மிடம் கிடைப்பவை பெரும்பாலும் மாவட்டம், நகரம், வார்டு என்ற அளவிலான சராசரிகள். பெருநகர சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் 15 வார்டுகள். ஒரு வார்டில் சராசரியாக 30,000-க்கும் மேற்பட்டவர்கள். ஆவடி மாநகராட்சியில் 48 வார்டுகள். 2011 மக்கள்தொகையை வைத்து வகுத்தால் வார்டுக்குச் சுமார் 7,200 பேர். பூந்தமல்லி நகராட்சியில் 21 வார்டுகள். வார்டுக்கு ஏறத்தாழ 2,700 பேர். ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கும் மூன்று ஊர்களில் ‘வார்டு’ என்பது பதினொரு மடங்குக்கும் மேல் அளவு மாறுகிறது. அம்பத்தூரின் ஒரு வார்டுக்குள் அடுக்குமாடிக் குடியிருப்பும், தனி வீடுகள் உள்ள நகரும், தொட்டித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் குடியிருப்பும் சேர்ந்தே இருக்கும். மூன்றையும் கூட்டி வகுத்தால் ‘பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் உண்டு’ என்று வரும். குழாய் இல்லாத வீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பது அந்தச் சராசரியில் தெரியாது.

இது ஊகம் இல்லை. நவீன் பாரதி, தீபக் மல்கன், அந்தலீப் ரஹ்மான் ஆகியோர் இந்தியப் பெருநகரங்களில் சாதிவாரிக் குடியிருப்புப் பிரிவினையை வார்டுக்கும் கீழே, சில நூறு பேர் கொண்ட கணக்கெடுப்புத் தொகுதி அளவில் ஆராய்ந்தார்கள். வார்டு அளவில் கலந்து வாழ்வதுபோலத் தெரிவது, தொகுதி அளவில் பிரிந்தே கிடக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். சாம் ஆஷர், பால் நோவோசாத் குழுவினர் இந்தியா முழுவதிலும் சுமார் 15 லட்சம் குடியிருப்புத் தொகுதிகளை ஆராய்ந்தபோது, தலித்துகளும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் தொகுதிகளில் பள்ளியும் மருத்துவ வசதியும் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் முறையாகவே குறைந்திருப்பதைக் கண்டார்கள். மாவட்ட அளவில் பார்த்தால் அந்தப் பாரபட்சம் புலப்படுவதில்லை. நகரத்துக்குள் தெருவுக்குத் தெரு பங்கிடும் இடத்தில்தான் அது நடக்கிறது. தமிழ்நாட்டின் சமூகநீதி அரசியல் மாநில அளவில் பெருமைக்குரிய சாதனைகளைக் கொண்டது. அந்தச் சாதனை கடைசி நூறு மீட்டருக்கு எட்டியதா என்று அளக்கும் தரவு அந்த நூறு மீட்டரில் வாழ்பவர் கையில் இல்லை.

அது கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு உதாரணம் உண்டு. ஸேன்ஸ்வில் நகரை ஒட்டிய கோல் ரன் என்ற குடியிருப்பில், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் வீடுகளுக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் குடிநீர்க் குழாய் போடவில்லை. குழாய்கள் செல்லும் வரைபடத்தையும் எந்த வீட்டில் எந்த இனத்தவர் வாழ்கிறார்கள் என்ற விவரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது பாரபட்சம் மறுக்க முடியாததாயிற்று. 2008-இல் நடுவர் குழு ஏறத்தாழ 1.09 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. திறந்த தரவின் ஆற்றலுக்குச் சான்றாக, உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதைப் பேசியிருக்கிறார். அந்த வெற்றியில் வரைபடத்துக்குச் சமமான பங்கு வேறு மூன்றுக்கு உண்டு: வீடு அளவில் விவரம் இருந்தது, இனவாரியாக இருந்தது, வழக்குக் கேட்க ஒரு மன்றம் இருந்தது.

மேலே மூடி, கீழே திறப்பது

இந்தியாவில் எது எளிதாகத் திறக்கிறது, எது போராடினால் மட்டும் திறக்கிறது என்று வரிசைப்படுத்தினால் ஒரு சாய்வு தெரிகிறது. 2017-இல் அம்பர் சின்ஹாவும் ஸ்ரீநிவாஸ் கொடாலியும் வெளியிட்ட ஆய்வு, நான்கு அரசுத் தளங்களில் மட்டும் சுமார் 13 கோடிப் பேரின் ஆதார் எண்கள் வெளிப்படையாகக் கிடந்ததைக் காட்டியது. அவை முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலை போன்ற திட்டங்களின் பயனாளிப் பட்டியல்கள். அரசிடம் உதவி பெறுகிறவர் தன் பெயர், வங்கிக் கணக்கு எல்லாம் வெளியில் கிடக்கச் சம்மதிக்க வேண்டியிருந்தது. இன்னொரு முனையில், அரசியல் கட்சிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற தேர்தல் பத்திர விவரம், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்த பிறகே வெளியே வந்தது. ஏழைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவிடுகிறார்கள் என்று சொல்லும் 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் சரியில்லை என்று கூறி ஒன்றிய அரசு வெளியிடவில்லை. 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களும் வெளிவரவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் வந்த சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, பொதுநலன் கருதித் தனிநபர் விவரத்தைத் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை நீக்கியது. இப்படிப்பட்ட திருத்தம் முதலில் காப்பாற்றுவது அதிகாரியையும் ஒப்பந்ததாரரையும்தான்.

எதிர்வாதங்கள்

இந்த விமர்சனத்தைக் கேட்பவர்கள் நியாயமான சில கேள்விகளை எழுப்பக்கூடும். முதலாவது, திறந்த தரவு வசதியானவருக்கே உதவுகிறது என்று பேசுவது, தரவை மூடிவைக்க விரும்பும் அதிகாரிக்குச் சாக்காகாதா? ஆகும், அதனால்தான் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரவை மூடினால் ஏழைக்கே நட்டம் அதிகம். பணம் உள்ளவர் மூடிய கோப்பையும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார். அறப்போர் இயக்கம் போன்ற அமைப்புகள் சென்னை மாநகராட்சியின் ஒப்பந்தப்புள்ளிகளில் முறைகேடு என்று புகார் கொடுக்க முடிந்ததே, விலைப்புள்ளி ஆவணங்கள் கைக்குக் கிடைத்ததால்தான். திறப்பதோடு வேலை முடிந்ததாக எண்ணுவதை மட்டுமே இக்கட்டுரை மறுக்கிறது.

இரண்டாவது, ஏழைகள் தாங்களே தரவைப் படிக்க வேண்டியதில்லை, பத்திரிகையாளரும் தொண்டு நிறுவனங்களும் அவர்கள் சார்பில் படிப்பார்கள் என்பது. இதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. ‘டிரான்ஸ்பரென்ட் சென்னை’ என்ற குழு 2010-களின் முதற்பாதியில் குடிசைப் பகுதிகள், பொதுக் கழிப்பறைகள், வார்டு எல்லைகள் ஆகியவற்றை வரைபடமாக்கியது. துறைக்குத் துறை கணக்கு முரண்படுவதை அக்குழுவினர் ஆய்வாகவே வெளியிட்டார்கள். நகர்ப்புற ஏழைகளுக்கான தகவல் மையமாக இயங்கும் ஐ.ஆர்.சி.டி.யு.சி., கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளின் நிலையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கள ஆய்வின் வழியாகவும் ஆவணமாக்கியிருக்கிறது. ஆனால் இத்தகைய பணி நிதியுதவியை நம்பியது. நகரின் மையத்திலும் பெரிய மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் குவிவது. திருவேற்காட்டிலும் திருமழிசையிலும் ஒரு தெருவுக்காக ஆண்டுக்கணக்கில் நிற்க அதனால் முடியாது. உரிமை என்பது யாரோ ஒருவரின் நல்லெண்ணத்தையும் நிதியாண்டையும் பொறுத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, தெரு அளவில் தரவை வெளியிட்டால் ஏழைகளின் அந்தரங்கம் பறிபோகாதா, சாதிவாரியாக வெளியிட்டால் சாதி இறுகாதா என்பது. வசதிகளைப் பற்றிய தரவையும் மனிதர்களைப் பற்றிய தரவையும் பிரித்தாலே இதில் பெரும்பகுதி தீரும். குழாய் எங்கே முடிகிறது, தெருவிளக்கு எத்தனை எரிகிறது, கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கிறது, சாலைக்கு எவ்வளவு செலவானது என்பவற்றில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. அவற்றை மீட்டர் அளவில் திறக்கலாம். பயனாளியின் பெயர், ஆதார், நோய், கடன் ஆகியவற்றை மூடலாம். சாதி விவரத்தைத் தனிநபராக அல்லாமல் தொகுதி அளவிலான விகிதமாகத் தரலாம். தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பது அங்கே வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த உண்மை பட்ஜெட் போடுகிறவரின் மேசைக்கு மட்டும் போகாமல் இருப்பதால் சாதி தளர்ந்துவிடவில்லை.

பதில் சொல்லும் கடமை

நான்காவதாக ஒரு வாதம் உண்டு. அன்றாடம் கூலிக்குப் போகிறவர் தண்ணீரைத்தான் கேட்பார், தரவையா கேட்பார் என்பது. ராஜஸ்தானின் அனுபவம் இதற்கு விடை. 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அங்கே மக்கள் விசாரணைகளைத் தொடங்கியது. வறட்சி நிவாரண வேலைக்குப் போன கூலித் தொழிலாளர்கள், வருகைப் பதிவேட்டையும் செலவு ரசீதையும் கேட்டார்கள். அவற்றை ஊர் நடுவில் வாய்விட்டுப் படித்தபோது, இறந்தவர் பெயரில் கூலி எழுதியதும் கட்டாத கட்டடத்துக்குப் பணம் எடுத்ததும் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் விளங்கின. நாட்டின் தகவல் உரிமைச் சட்டம் அந்தக் கூட்டங்களிலிருந்து வளர்ந்தது. அங்கே வேலை செய்தது, அருகில் இருப்பவர் சரிபார்க்கக்கூடிய சிறிய அளவிலான கணக்கு, புரியும் மொழி, ஊர் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி ஆகியவை. திட்ட விவரங்களை மக்கள் கேட்காமலே வெளியிட 2019-இல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய ஜன் சூசனா தளம் இதன் தொடர்ச்சியே.

தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் இதற்கான மேடை கிராம சபையாக ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும். அம்பத்தூரை ஒட்டி, வீட்டுவசதி வாரியக் குடியிருப்போடு நகரம்போலவே வளர்ந்த அயப்பாக்கம் நெடுங்காலம் கிராம ஊராட்சியாக இருந்ததால் அதன் மக்களுக்கு வரவு செலவைக் கேட்கும் உரிமை இருந்தது. எல்லை தாண்டி அம்பத்தூரில் இருந்தவருக்கு அத்தகைய சபை இல்லை. நகரங்களுக்குப் பகுதி சபை வந்தது 2022-இல்; முதல் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1-இல் நடந்தன. அதற்கு முன் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி தேர்தல் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் கவுன்சிலரே இல்லை. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் போயின. கேள்வி கேட்கும் மேடை இப்படி அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில், இணையத்தில் எத்தனை அட்டவணை ஏற்றினாலும் அது பதிலாக மாறாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பகுதி சபைக்கும் கிராம சபைக்கும் முன்பாக அந்தப் பகுதியின் குழாய், வடிகால், விளக்கு, கழிப்பறை, சாலைப் பணி, ஒப்பந்தத் தொகை ஆகியவை தெருவாரியாகத் தமிழில் வெளியாக வேண்டும். ஸ்கேன் செய்த பக்கமாகவோ பழைய எழுத்துருவிலோ இருந்தால் தேடினாலும் சொல் அகப்படாது. 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்ற அரசுக்கு இது கடினமல்ல. இணையம் எட்டாதவர்களுக்காக அதே தாள் சுவரிலும் இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர்தான். தண்ணீர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தண்ணீர்க் கணக்கு அவர்கள் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வேண்டும். அதற்கு இடமும் இருக்கிறது. 1948-இன் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி நாம் கட்டிவருகிறோம். அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகங்களில் உள்ளாட்சிக் கணக்குகளை வைத்து, படித்துக் காட்ட ஒருவரை அமர்த்துவது புதிய கட்டடம் தேவைப்படாத சீர்திருத்தம். குடிசைப் பகுதிப் பட்டியலை அம்பத்தூர் வரை புதுப்பிக்க வேண்டும். 2027 கணக்கெடுப்பின் வசதி விவரங்களைத் தொகுதி அளவில் உள்ளூர் மக்களுக்கும் தர வேண்டும். கேட்ட கேள்விக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தராத அதிகாரியின் பெயரும் அந்தத் தரவின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவின் வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்கு ஒப்பந்தம், எப்போது முடிந்தது என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத ஒரு வெள்ளைத் தாளும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். முப்பது நாளில் பதில் தருவது சட்டக் கடமை. எழுதத் தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். வரும் பதிலை அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள்.